படத்தில் உள்ளபடி, பிரிக்காமல்

பகல் முழுக்க ஊரார் வாயை "திற, இன்னும் திற, நல்லாத் திற" என்று அதட்டுகிற பல் டாக்டர், வீட்டில் ஒரு டப்பாவைத் திறக்க மாட்டார். காமிக்ஸ் வாங்கினால் வந்த உறையோடு அப்படியே அட்டைப்பெட்டிக்குள் போகும். அப்புறம் எப்படிப் படிப்பது? அதற்கென்று இன்னொரு பிரதி வாங்குவார். அதுவும் புத்தம் புதிதாக இருக்கிறதே என்று மனசு கேட்காமல் அதையும் உறையோடு வைத்துவிடுவார். சுருள்வால் சூரன் கதையில் ஒரு இதழ் விடாமல் அவரிடம் இருக்கிறது. கடைசியில் சூரன் ஜெயித்தானா தோற்றானா என்று கேட்டால் மட்டும் மழை வருமா வராதா என்று பேச ஆரம்பித்துவிடுவார்.

பொம்மைகளும் அப்படித்தான். தகர ராணி, அவளுடைய பறக்கும் தள்ளுவண்டி, வில்லன் கூட்டத்தின் முகமூடிகள், எல்லாமே பிரிக்காதவை. "பிரிக்காதது" என்று அவர் சொல்லும் தோரணையில்தான் மற்றவர்கள் "என் பொண்ணு கலெக்டர்" என்று சொல்லிக்கொள்வார்கள்.

இவருக்கு வாய்த்த மனைவியோ சுங்க அதிகாரி. பிரிப்பதற்குத்தான் அந்த அம்மாளுக்குச் சம்பளம். துறைமுகக் கிடங்கில் வந்து இறங்கும் பார்சல்களைக் கத்தியால் கீறுவார், முழங்கை வரை உள்ளே விட்டுத் துழாவுவார், திரும்ப மூடி, 'சுங்கத்தால் பிரித்துப் பார்க்கப்பட்டது' என்று அச்சடித்த மஞ்சள் நாடாவை ஒட்டி அனுப்புவார். கைப்பையில் சீப்பு இல்லாமல் போனாலும் போகும், அந்த நாடாச் சுருள் இல்லாமல் போகாது. இப்படி ஒரு பொருத்தம் பார்த்துச் சேர்த்து வைத்த புண்ணியவான் யாரோ, ஆள் சரியான குறும்புக்காரராக இருந்திருக்க வேண்டும்.

ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதையாக, பெட்டிகள் முதலில் அலமாரியைப் பிடித்தன, பிறகு படுக்கையறையையே பிடித்தன. வீட்டுக்காரர்கள் கூடத்துக்கு வந்தார்கள். அவர் சோபாவில், அவள் தரையில். பல வருஷம் இப்படியே ஓடியது. அப்புறம் அவளுடைய முழங்கால் மாடிப்படியோடு சண்டை போட ஆரம்பித்தது. தரைத்தளத்தில் சின்னதாக ஒரு வீடு பார்த்தார்கள். சனிக்கிழமை குடிபோக வேண்டும்.

"அங்க ஒரே ஒரு படுக்கையறை. அதுல நான் படுக்கணும், இல்ல உங்க டப்பா படுக்கணும். எதுன்னு நீங்களே சொல்லுங்க," என்றாள் மனைவி.

டாக்டர் யோசித்தார். "நீதான்" என்று சொன்ன பதிலில் தப்பில்லை, அதற்கு முன்னால் யோசித்ததுதான் தப்பு. அன்று முழுக்க அவள் வாயைத் திறக்கவில்லை, இவருடைய தொழில் திறமையும் அங்கே செல்லவில்லை.

விற்பது என்று முடிவானது. அவள் அறையைப் படம் எடுத்தாள். நடுவில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த டாக்டர் நகர மாட்டேன் என்று அடம்பிடித்ததால் அவரும் சேர்ந்தே படத்தில் விழுந்தார். விளம்பர வாசகத்தை அவர்தான் எழுதினார், அதுவும் ஒரு பயலும் வந்துவிடக் கூடாது என்ற நல்லெண்ணத்தோடு: 'படத்தில் உள்ளபடி அனைத்தும். எதையும் பிரிக்காமல். மொத்தமாக மட்டும்.'

மறுநாளே ஒருவர் வந்து நின்றார். வெள்ளைக் கையுறை, கண்ணில் பூதக்கண்ணாடி. ஏதோ ஒரு தனியார் அருங்காட்சியகத்துக்காகப் பொருள்களுக்குப் பத்துக்கு இத்தனை என்று தரம் போடுகிறவராம். கூடவே சுமையாட்கள் இருவர். கையுறைக்காரர் ஒவ்வொரு பெட்டியாக மோந்து பார்த்தார். தகர ராணிக்கு ஒன்பதரை போட்டார். டாக்டருக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"எல்லாம் பிரமாதம் சார்," என்றார் கையுறைக்காரர். "இப்ப நீங்க கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாங்க."

"நானா? எதுக்கு?"

"படத்துல நடுவுல நீங்க இருக்கீங்களே. படத்தில் உள்ளபடின்னு நீங்கதானே போட்டிருக்கீங்க? பிரிக்காமன்னும் போட்டிருக்கீங்க. இந்த அறையை அப்படியே எங்க கூடத்துல அமைக்கப் போறோம். நடுவுல முக்காலி, அதுமேல நீங்க. ஏசி உண்டு."

மனைவி துடைப்பத்தை எடுக்கப் போகிறாள் என்று டாக்டர் காத்திருந்தார். அவள் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை வந்து பாக்கலாங்களா?"

"தாராளமா வாங்கம்மா. குடும்பத்துக்கு டிக்கெட்ல சலுகை கூட இருக்கு."

டாக்டர் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். போய்த் தொலையட்டும் என்று தள்ளிவிடப் போகிறாளா? அன்று தான் யோசித்ததற்கு இன்று இவள் யோசிக்கிறாளா? கேட்கவும் பயம். அதற்குள் கையுறைக்காரர் டார்ச் அடித்துக் காதுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பல்லு?"

"முப்பத்திரண்டும் சொந்தப் பல்லு," என்றார் டாக்டர். தொழில் பெருமை, தன்னையறியாமல் வாயிலிருந்து வந்துவிட்டது.

"முன்மண்டையில தேய்மானம். ஓரமெல்லாம் கொஞ்சம் மடிஞ்சிருக்கு. ஏழு போடலாம்."

"வெறும் ஏழா! இன்னொரு அரை சேத்துப் போடுங்க சார்."

"போடுங்க," என்றாள் மனைவி. "இவர் ஏழரைதான். நானே சாட்சி."

"வேற ஏதாவது விசேஷம் உண்டாம்மா?"

"குறட்டை."

"ஒரிஜினலா?"

"கல்யாணம் ஆன நாள்லேருந்து அதே சத்தம்தான். ஒரு மாத்தமும் இல்ல."

கையுறைக்காரர் மகிழ்ந்து போய்க் கையைத் தட்டினார். சுமையாட்கள் ஆளுயர அட்டைப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். முன்பக்கம் கண்ணாடித்தாள் வைத்த ஜன்னல். உள்ளே கையையும் காலையும் கட்டி நிறுத்த மெல்லிய கம்பிகள். எத்தனை தகர ராணிகளை இப்படிப் பார்த்திருப்பார்! உள்ளே நின்று அவள் என்ன நினைத்துக்கொண்டிருப்பாள் என்று ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

"எங்களைப் பிரிக்காதீங்க!" என்று கத்தினார்.

"அதையேதான் நானும் சொல்றேன் சார். உங்களையும் சேகரிப்பையும் பிரிக்கவே கூடாது," என்றார் கையுறைக்காரர்.

"ஒரு நிமிஷம்," என்றாள் மனைவி. குரலில் இப்போது கேலி இல்லை. "எங்களைன்னா யாருங்க? நீங்களும் டப்பாவுமா? நீங்களும் நானுமா?"

சுவரில் ஒரு கை, முழங்காலில் ஒரு கை என்று அவள் நின்றுகொண்டிருந்தாள். உட்காருவதற்கு அந்த அறையில் முக்காலியைத் தவிர இடமில்லை என்பது டாக்டர் கண்ணில் அப்போதுதான் பட்டது. இத்தனை வருஷமாக எதன்மேலும் ஒரு கீறல் விழாமல் பார்த்துக்கொண்டவர், தரையில் படுத்து எழுந்து தேய்ந்த இந்த முழங்காலை மட்டும் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது. தகர ராணி இருந்த பக்கம் கண் ஒரு தடவை போகத்தான் போனது. பொய் சொல்வானேன், ஆசை அவ்வளவு சீக்கிரம் விட்டுவிடுமா? ஆனால் இந்தத் தடவை அவர் யோசிக்கவில்லை.

"நீயும் நானும்," என்றார். முக்காலியை இழுத்து அவள் பக்கம் போட்டார்.

அவள் உட்காரவில்லை. கைப்பையைத் திறந்து மஞ்சள் நாடாச் சுருளை எடுத்தாள். சர்ரென்று இழுத்து, பல்லால் கடித்து அறுத்து, அவர் சட்டையில் தோளிலிருந்து இடுப்புவரை குறுக்கே ஒட்டி உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தாள்.

"இவரை எடுக்க முடியாது. இது பிரிச்ச பொருள்."

கையுறைக்காரர் நாடாவைப் படித்துவிட்டு, கெட்டுப்போன பண்டத்தைத் தொட்டவர் போலப் பின்வாங்கினார். "விளம்பரத்துல சொல்லவே இல்லையேம்மா! முழுசாப் பிரிச்சாச்சா?"

"அக்குவேறு ஆணிவேறா. உறையை அன்னிக்கே குப்பையில போட்டுட்டேன்."

"பிரிச்சதுக்கு எங்ககிட்ட மதிப்பே கிடையாதும்மா."

"எங்கிட்ட உண்டு," என்றாள் அவள்.

கையுறைக்காரர் குறைப்பட்ட தொகுப்பு என்று முனகிக்கொண்டே மற்றதையெல்லாம் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். ஆளுயரப் பெட்டி காலியாகவே போனது. அறையில் பேசினால் எதிரொலித்தது. அவள் முக்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள், அவர் தரையில் உட்கார்ந்தார்.

"என்னை எப்போ பிரிச்சே?"

"உங்க முதல் பேஷன்ட் பாதிப் பல்லோட எந்திரிச்சு ஓடிப் போனாரே, ஞாபகம் இருக்கா? அன்னிக்கு வீட்டுக்கு வந்து என் மடியில தலை வெச்சு அழுதீங்க. அன்னிக்குத்தான்."

டாக்டர் நாடாவின் ஓரத்தை விரலால் தடவினார். "உள்ள என்ன இருந்துச்சு?"

"படத்துல உள்ளபடி இல்ல," என்றாள் மனைவி. "ஆனா திருப்பி அனுப்பணும்னு தோணல."

மறுநாள் அவர் அதே சட்டையோடுதான் வேலைக்குப் போனார். நாற்காலியில் சாய்ந்த ஒவ்வொருவரும் அந்த மஞ்சள் நாடாவைப் படித்துவிட்டுக் கண்ணை விரித்தார். வாயை நன்றாகத் திறந்து வைத்திருந்ததால் ஒருவராலும் என்னவென்று கேட்க முடியவில்லை.