மாப்பிள்ளைக்கு முன்னால் ஊதியவன்

பாரிசின் ரூ லூயி-பிளாங் தெரு உணவகமொன்றில், இலங்கையிலிருந்து வந்த வாமதேவனோடு கோப்பை கழுவியவன் தன்பீர் என்ற நேபாளி. இருவருக்கும் ஒரே அறை. நடனக் குழுவோடு பாரிசுக்கு வந்த தன்பீர், குழு ஊர் திரும்பியபோது நின்றுவிட்டான். விசா முடிந்து ஒரு வருடம். அவனிடம் இருந்த ஒரே சொத்து நரசிங்கா என்னும், பிறைபோல வளைந்த நீண்ட செப்புக் கொம்பு. அவனுடைய ஊரில் கல்யாண ஊர்வலத்துக்கு முன்னால் அதை ஊதுவது அவன் குடும்பத்தார்தான்.

1986 ஆவணியில், வாமதேவனுக்குத் தெரிந்த இராஜதுரைக்குக் கல்யாணம். நாதஸ்வரத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. வாமதேவன்தான் யோசனை சொன்னான்.

"எங்கடை நேபாளி இருக்கிறான் அண்ணை. மாப்பிள்ளைக்கு முன்னாலை ஊதிக்கொண்டு வருவான்."

"றோட்டிலை ஊதினால் பிரச்சினை வராதோ?"

"பத்து நிமிச நடைதானே. ஒண்டும் வராது."

தன்பீர் மறுத்தான். பொலிசுக்குப் பயந்து மெத்ரோவில்கூட ஏறாதவன் அவன். வாமதேவன் விடவில்லை. பக்கத்திலேயே வருவேன் என்று சமையலறைப் பிரெஞ்சில் வாக்குக் கொடுத்தான்.

சனிக்கிழமை காலை கொம்பு முழங்கியதும் தெருவே நின்று பார்த்தது. சன்னல்கள் திறந்தன. கன்னம் புடைக்க, கண்ணை மூடிக்கொண்டு தன்பீர் ஊதினான். மண்டபத்தை நெருங்கும்போது பொலிஸ் வண்டி வந்து நின்றது. யாரோ சத்தமென்று முறையிட்டிருக்கிறார்கள்.

ஊதியவனிடம்தான் முதலில் பப்பியே, அதாவது வதிவிடப் பத்திரம், கேட்டார்கள். அவனிடம் இல்லை. இவனைத் தெரிந்தவர் யார் என்று ஒரு பொலிஸ்காரன் கூட்டத்தைக் கேட்டான்.

வாமதேவனின் அகதி விண்ணப்பத்தை நிராகரித்த கடிதம் வந்து மூன்று கிழமைதான். வாயைத் திறந்தால் அடுத்த கேள்வி அவனுக்கு. மெல்லப் பின்வாங்கிப் பெண்களுக்குள் நின்றுகொண்டான். தன்பீர் அவனை ஒருதரம் பார்த்தான். பிறகு வண்டியில் ஏறினான்.

கல்யாணம் நடந்தது. வாமதேவனும் பந்தியில் இருந்தான்.

அடுத்த மூன்று நாளும் பொலிஸ் நிலையத்துக்கு எதிர் நடைபாதைவரை போனான். தெருவைக் கடக்கவில்லை. நாலாம் நாள், அகதிகளுக்கு மொழிபெயர்க்கும் புனிதவதியை விசாரிக்கச் சொன்னான். கிழமை முடிவில் அவள் உணவகத்துக்கு வந்தாள்.

"நேற்று பிளேனிலை ஏத்திப்போட்டாங்கள்."

"கொம்பு?"

"அது எங்கையெண்டு ஒருத்தருக்கும் தெரியேல்லை." அவளே தொடர்ந்தாள்: "ஆரோடை தங்கினதெண்டு திருப்பித் திருப்பிக் கேட்டிருக்கினம். தெருவிலை படுக்கிறனான், இஞ்சை ஒருத்தரையும் தெரியாது எண்டு சொல்லிப்போட்டார்."

"அவனைக் கூட்டிக்கொண்டு போனது நான்தான்" என்றான் வாமதேவன்.

மேன்முறையீட்டில் அடுத்த வருடம் அவனுக்கு அகதி அட்டை கிடைத்தது. தன்பீருக்குக் கடிதம் போட நினைத்தான். ஒரே அறையில் அத்தனை மாதம் இருந்தும், அவனுடைய ஊரின் பெயரை ஒருநாளும் கேட்டதில்லை.