வெட்டு மேசை நின்ற காலை

வெட்டும் இயந்திரத்தின் கத்தி காலையிலிருந்து அசையவில்லை. மேசையில் துணியை விரித்துவிட்டு ராதிங்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் தையல் வரிசைப் பெண்கள் எல்லாரும் அலுவலகக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெட்டினால்தானே தைக்க முடியும்.

கதவுக்கு அந்தப்புறம் தெசங்கா கணினியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கால்சட்டைகளின் வெட்டு அளவெல்லாம் அதில்தான். மாடல் வெளியே போய்விடக் கூடாது என்று ஆர்டர் கொடுத்த இத்தாலிக்காரர்கள் கேட்டதால் டிஸ்கைப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருந்தது. நேற்று மாலை முதலாளி வுகாஷின் சிஸ்டத்தை அப்கிரேடு செய்யச் சொன்னார். முதலில் வேறொரு கணினியில் போட்டுப் பார்க்கலாம் என்று அவள் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. இன்று பாஸ்வேர்டை அடித்தால் தவறு என்கிறது. ஒவ்வொரு விரலாக, நிதானமாக அடித்தாள். அப்போதும் தவறு.

"மறந்துட்டியா, இல்ல மாத்தி வெச்சிருக்கியா?" என்றார் வுகாஷின். "அடுத்த மாசம் உன் கான்ட்ராக்ட் முடியுதுல்ல?"

"அதே பாஸ்வேர்டுதான் முதலாளி. தூக்கத்துல எழுப்பினாலும் அடிப்பேன்."

"அடி, பார்ப்போம். பன்னெண்டு மணிக்குள்ள கத்தி ஓடலைன்னா சனிக்கிழமை எல்லாரும் வேலைக்கு வரணும். வெளிய நிக்கிறவங்ககிட்டயும் சொல்லிட்டேன்."

அந்தச் சனிக்கிழமை இறந்தவர்களுக்கான நாள். ராதிங்காவின் புருஷன் கோடையில்தான் போய்ச் சேர்ந்திருந்தார். கோதுமை வேகவைத்துக் கல்லறைக்குக் கொண்டுபோய் மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும், அதுவும் மதியத்துக்குள். அவள் கதவிடுக்கில் தலையை நீட்டினாள்.

"தெசா, கண்ணு, அது தொறக்குமா தொறக்காதா?"

"தொறக்கும்க்கா. அங்கயே நில்லுங்க, இன்னொரு தடவை அடிக்கிறேன்."

மறுபடியும் தவறு. கணினி சலித்துப்போய் வெறும் கறுப்புத் திரைக்கு வந்து நின்றது. இங்கே அடிப்பது கண்ணுக்குத் தெரியும். டிஸ்கைத் திறக்கும் கட்டளையை அடித்தாள். அப்படியொரு கட்டளையே இல்லை என்றது. உற்றுப் பார்த்தாள். ஒய் இருக்க வேண்டிய இடத்தில் இசட் இருந்தது.

தன் தலையிலேயே குட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. செர்பியக் கீபோர்டில் அந்த இரண்டு எழுத்தும் அமெரிக்கக் கீபோர்டிலிருந்து இடம் மாறி இருக்கும். புது சிஸ்டம், டிஸ்க் திறக்கும் வரைக்கும் அமெரிக்க வழக்கத்துக்குப் போயிருந்தது. பாஸ்வேர்டு அடிக்கும்போது எழுத்து தெரியாததால் காலை முழுக்க இது பிடிபடவில்லை.

கணினியை மறுபடி போட்டு, பாஸ்வேர்டில் இருந்த இசட்டுக்குப் பதில் ஒய்யை அழுத்தினாள். டிஸ்க் திறந்தது. பதினொன்றரைக்குக் கத்தி ஓடத் தொடங்கியது. ராதிங்கா ஓடிவந்து அவள் கன்னத்தில் மாறி மாறி முத்தமிட்டாள்.

"எழுத்து இடம் மாறினதுக்கா இவ்வளவு கூத்து?" என்றார் வுகாஷின். பிறகு கூடத்தைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "காலையில வேலை நின்னது நின்னதுதான். சனிக்கிழமை எல்லாரும் வந்துடுங்க."

"பன்னெண்டுக்குள்ளன்னு நீங்கதானே சொன்னீங்க!" என்றாள் தெசங்கா.

"உனக்குக் கான்ட்ராக்ட் வேணுமா, நியாயம் வேணுமா?"

அவள் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ராதிங்காவின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

சனிக்கிழமை இடைவேளையில் ராதிங்கா உடைமாற்றும் அறை பெஞ்சில் கோதுமைக் கிண்ணத்தைத் திறந்து வைத்தாள். நடுவில் மெழுகுவர்த்தியை நட்டாள். துணி இருக்கும் இடத்தில் தீக்குச்சி கிழித்தால் வேலை போய்விடும். ஆளுக்கொரு கரண்டி கொடுத்தாள், தெசங்காவுக்கும்தான். மணி அடித்ததும் எல்லாரும் மென்றபடியே மெஷினுக்கு ஓடினார்கள். காலிக் கிண்ணத்தில் மெழுகுவர்த்தி சாய்ந்து கிடந்தது. அதன் திரி வெள்ளையாகவே இருந்தது.