மணலில் நாற்பது நாள்

ஐந்தரைக்கு எழுவேன். பல் துலக்குவேன். தொழுவத்தில் சாணி அள்ளிக் குப்பையில் கொட்டுவேன். பிண்ணாக்கு ஊறியிருக்கும், தவிட்டோடு கரைத்துக் காளைக்கு வைப்பேன். வைக்கோல் உதறிப் போடுவேன். அத்தை காபி கொடுப்பாள். குடிப்பேன். மழை விட்டதா என்று பார்ப்பேன். விட்டிருக்காது. திரும்ப வந்து உட்காருவேன்.

ஐம்பத்தேழாம் வருஷம் ஐப்பசி முழுக்க இப்படிப் போயிற்று. புரட்டாசியில் என் மனைவி சுந்தரி இறந்திருந்தாள். இருபது நாள் விஷ ஜுரம். கல்யாணமாகி ஒன்றரை வருஷம்.

காளை அவளுடையது. உம்பளச்சேரிக் காளை. அவள் வீட்டுப் பசு போட்ட கன்று. வளர்ந்த பின் அவளோடு எங்கள் தொழுவத்துக்கு வந்தது. மயிலை என்று கூப்பிடுவாள். எங்கள் ஊர் நெடுங்காட்டிலும் சுற்று ஊர்களிலும் பசுக்களைச் சினைக்கு அதனிடம்தான் ஓட்டி வந்தார்கள். பொங்கல் கழித்து மாட்டு டாக்டர் வந்து பார்ப்பதாக இருந்தது. தேறினால் ஊருக்குப் பொலிகாளையாகப் பதிவு செய்வார். தேறாவிட்டால் காயடித்து வண்டியில் பூட்ட வேண்டியதுதான்.

"காளைய நல்லாப் பாத்துக்குங்க" என்பதுதான் சுந்தரியின் கடைசி வார்த்தை என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். அத்தை சொல்லித்தான் அது பரவியது. அத்தை என்றால் சுந்தரியின் அம்மா பெரியநாயகி. என் தாய்மாமன் மனைவி. காரியம் முடிந்தும் வீட்டுக்குத் திரும்பாமல் எனக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். சுந்தரி அப்படிச் சொல்லவில்லை. அப்போது பக்கத்தில் இருந்தவன் நான் மட்டும்தான். மறுத்துப் பேசத் தெம்பில்லை. விட்டுவிட்டேன்.

துக்கம் கேட்க வந்தவர்களுக்கு என்னிடம் என்ன பேசுவது என்று தெரியவில்லை. நேரே தொழுவத்துக்குப் போனார்கள். ஒருத்தி கஞ்சி ஊற்றினாள். ஒருத்தி பருத்திக்கொட்டை ஆட்டிக் கொண்டுவந்தாள். கார்த்திகை தீபத்தன்று அது ஒரு கூடை பொரி உருண்டை தின்றது. நான் யாரையும் தடுக்கவில்லை. தவிட்டையும் குறைக்கவில்லை. வயலெல்லாம் தண்ணீர், நடத்திப் போக இடமில்லை. ஐம்பது நாள் ஈரத் தரையில் கட்டுத்தறியிலேயே நின்றது. பார்த்தவர்கள் என்ன மினுமினுப்பு என்றார்கள்.

தீபத்துக்கு மறுநாள் அது எழவில்லை. வாலை முறுக்கிய பிறகு எழுந்தது. முன்னங்கால்களை நீட்டி, முள்ளில் நிற்பது போல நின்றது. குளம்பைத் தொட்டேன். சுட்டது.

டாக்டர் பாலகுரு காரைக்காலிலிருந்து சைக்கிளில் வந்தார். என்ன தீனி என்று கேட்டார். சொன்னேன்.

"மாட்டுக்குப் போட்டீங்களா, கல்யாணப் பந்தி போட்டீங்களா?"

"ஊர்ல பிரியமாக் குடுத்தாங்க."

"அந்தப் பிரியத்துலதான் குளம்பு வெந்துருக்கு. இனிமே வெறும் வைக்கோல். தவிடு, பிண்ணாக்கு, கஞ்சி எதையும் கண்ணுல காட்டக் கூடாது. காஞ்ச தரையா, மெத்துன்னு இருக்கணும். ரெண்டு வேளை குளிர்ந்த தண்ணியில நிறுத்தணும். வலி கொறைஞ்சதும் தெனம் நடக்கணும். இந்தச் சேத்துல வச்சிருந்தீங்கன்னா தையில நான் வர வேண்டியதில்ல. காயடிக்க ஆள அனுப்பிடுறேன்."

வளர்ந்து வளைந்திருந்த குளம்புகளைச் சீவிவிட்டுப் போனார்.

சேதி கேட்டு மாலையில் காதர் பாட்சா வந்தார். காரைக்காலில் மரக்கடை, கிளிஞ்சல்மேட்டில் தென்னந்தோப்பு வைத்திருப்பவர். அவர் வீட்டுக் கன்று மயிலையின் கன்று.

"கும்மோணம் காலேஜ்ல பி.ஏ. படிச்சீங்களே வாத்தியாரே, ஒரு மாட்டுக்கு எத்தனை படி பிண்ணாக்குன்னு ஒருத்தரும் சொல்லித் தரலியா?"

"நான் சரித்திரம் எடுத்தேன் பாய்."

"அக்பர் யானைக்கு என்ன போட்டாருன்னாவது படிச்சிருப்பீங்கள்ல?" என்றார். பிறகு குளம்பைப் பார்த்தார், சிரிப்புப் போயிற்று. "தோப்புக்குக் கொண்டாந்துருங்க. எவ்வளவு மழை பேஞ்சாலும் எங்க மணல்ல தண்ணி நிக்காது. எதுத்தாப்ல கடலு."

"அவ்வளவு தூரம் நடக்காது பாய்."

"நடக்கச் சொன்னது யாரு? மரம் ஏத்துற வண்டிய அனுப்புறேன்."

ஆறு பேர் சேர்ந்து ஏற்றினோம். இரண்டு மாடுகள் இழுக்க, காளை வண்டியில் படுத்து வந்தது. காரைக்கால் கடைத்தெருவில் ஒரு மீன்காரி கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தாள்.

"அடியாத்தே, மாட்ட மாடு இழுத்துட்டுப் போவுது! என்ன ஆச்சி, மாப்புள அழைப்பா?"

வண்டிக்குப் பின்னால் நடந்த அத்தை நிற்கவே இல்லை. "ஆமாண்டி, பொண்ணு நீதான். ஏறிக்க."

தோப்பில் கீற்றுக் கொட்டகை ஒன்று இருந்தது. ஒரு பக்கம் காளை, ஒரு பக்கம் நான். பள்ளிக்கூடத்தில் லீவை நீட்டச் சொல்லி எழுதினேன். காலையும் மாலையும் அலை ஏறி இறங்கும் இடத்தில் அதை நிறுத்தினேன். முதல் அலைக்கு மிரண்டது; மூன்றாம் நாள் பழகிவிட்டது. முதல் வாரம் தவிட்டுக்காகக் கத்திக்கொண்டே இருந்தது. நான் வைக்கோலை உதறிப் போட்டேன்.

நெடுங்காட்டிலிருந்து ஒருத்தி மூடிய பாத்திரத்தோடு அங்கேயும் வந்துவிட்டாள். அத்தை படலருகே மறித்தாள்.

"ஒங்க மவ கடைசி வார்த்தையாச்சே ஆச்சி. மனசு கேக்கல."

"பாத்துக்கன்னுதானே சொன்னா? திங்க வச்சிக் கொல்லுன்னா சொன்னா? எடுத்துட்டுப் போ."

பத்தாம் நாள் குளம்பில் சூடு இல்லை. நூறு அடி நடத்தினேன். மறுநாள் இருநூறு. மார்கழிப் பனிக்கு முதுகில் சாக்குப் போர்த்தினேன். கொசுவுக்கு மட்டையைப் புகைய விட்டேன். மார்கழி பாதியில் காரைக்கால்மேடு வரை மணலிலேயே போய்த் திரும்பினோம். இப்போது அது முன்னால், நான் பின்னால். வயிறு ஒட்டியது, முதுகு மறுபடி முதுகாயிற்று. நானும் படுத்தால் தூங்கினேன்.

பொங்கல் கழிந்து டாக்டர் வந்தார். மணலில் நடத்திக் காட்டினேன். அவர் தலையாட்டவில்லை.

"மணல்ல எல்லா மாடும் நல்லாத்தான் நடக்கும். ரோட்டுக்குக் கொண்டாங்க."

நாற்பது நாளாக அது கெட்டித் தரையை மிதிக்கவில்லை. கப்பிச் சாலையில் ஏற்றினேன். கயிற்றைப் பிடித்திருந்த கை வழுக்கியது. டாக்டர் மாட்டைப் பார்க்கவில்லை. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, சத்தத்தைக் கேட்டார். நான்கு குளம்பும் ஒரே அளவாக விழுந்தன. ஓட்டச் சொன்னார். ஓடினேன். அது என்னை இழுத்துக்கொண்டு ஓடியது.

"பின்னங்கால் தாங்குதான்னு பாக்கணுமே."

காதர் பாட்சா அதற்கும் தயாராக வந்திருந்தார். பருவத்துக்கு வந்திருந்த தன் பசுவைத் தென்னையில் கட்டியிருந்தார். மயிலை யாரையும் காக்க வைக்கவில்லை.

"போதும் போதும், தேறிட்டுது" என்று டாக்டர் நோட்டை எடுத்தார்.

"வாத்தியாரே, பி.ஏ. பாஸானப்பக்கூட இப்புடி வேர்த்துருக்காது ஒங்களுக்கு" என்றார் காதர் பாட்சா.

மணலில் உட்கார்ந்துவிட்டேன். சிரித்துக்கொண்டிருந்தேன். அது எனக்கே கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது.

அவர்கள் போன பின் அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"தம்பி, ஒண்ணு சொல்லணும். அவ காளையப் பத்தி ஒண்ணும் சொல்லல. அந்நேரம் நான் கொல்லையில துணி அலசிக்கிட்டு இருந்தேன். நாந்தான் கதை கட்டி விட்டேன். நீங்க செவுத்தையே பாத்துக்கிட்டு உக்காந்துருந்தீங்க. எழுந்து நடமாட ஒரு வேலை இருக்கட்டும்னு சொன்னேன். அது மாட்டுக்கே வெனையாப் போச்சு."

"தெரியும் அத்தை."

"தெரிஞ்சா ஏன் சும்மா இருந்தீங்க?"

"இல்லன்னு சொன்னா, பின்ன என்னதான் சொன்னான்னு கேப்பீங்க."



"இப்பக் கேக்குறேன்."

யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வராது என்று நினைத்திருந்தேன். வந்தது. மத்தியானம். ஜுரம் இறங்கி உடம்பு குளிர்ந்திருந்தது. அவள் பேச்சைக் கேட்டு எழுந்து போனேன். பசித்தது, இரண்டாம் முறையும் சோறு போட்டுக்கொண்டேன். திரும்பி வந்தபோது முடிந்திருந்தது.

அவள் சொன்னதை அப்படியே அத்தையிடம் சொன்னேன்:

"சன்னலத் தெறந்து வச்சிட்டு நீங்க போய்ச் சாப்புடுங்க. எனக்கு இப்பத் தேவலை."