இருளப்பன் வீட்டுக்கு முதல் கேள்வி

“அப்ப யாருமே கேக்கலைன்னா?”

“கேக்கலைன்னாதான் நமக்கு நல்லது. அன்னிக்கு லெலோங் நின்னுரும். வேற தேதி போட்டு, தொடக்க விலையில பத்துல ஒரு பங்கக் கொறைப்பாங்க. அதுக்கும் ஆள் வரலைன்னா மறுபடி கொறைப்பாங்க. கத்திரிக்கா மாதிரிதான் லா. நிக்க நிக்க விலை எறங்கும்.”

“வீட்டப் போயி கத்திரிக்காங்கிறீங்களே, பாய்.”

“எனக்கு வீடும்மா. பேங்குக்குக் கத்திரிக்கா.”

பிரிஞ்சாங் கடைத்தெருவில் மத்தியானக் கூட்டம் கலைந்திருந்தது. சாப்பாட்டுக்கடையின் கடைசி மேசையில் நான்கு பேர் தேநீர் ஆற ஆறப் பேசிக்கொண்டிருந்தார்கள். கத்திரிக்காய் நியாயம் சொன்னவர் கடை முதலாளி ஷம்சுதீன். இந்தக் கடையையே ஏலத்தில் எடுத்தவர் என்பதால், லெலோங் விஷயத்தில் அந்த மேசைக்கு அவர்தான் வக்கீல். முகம் சுளித்தவள் நவமணி. ஏலத்துக்கு வரப்போவது அவள் வீடு. பக்கத்தில் அவள் புருஷன் இருளப்பன். சொந்தமாக ஒரு பழைய லோரி வைத்து, கோலா தெர்லா தோட்டக்காரர்களின் காய்கறியை ஈப்போவுக்கு இறக்குகிறவன்.

முதலில் கேள்வி கேட்டவன் ராதாகிருஷ்ணன், தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் சின்னக் கிராணி. கேட்டானே தவிர, பதிலை அவன் பாதிதான் கேட்டான். மீதிப் பாதியில், பனி பெய்யும் ஏதோ ஒரு நாட்டில், கடனில் மூழ்கிய ஒரு பிரபுவின் மாளிகை ஏலத்துக்கு வந்துகொண்டிருந்தது.

ராதாகிருஷ்ணனின் வியாதி அது. வேற்று நாட்டு நாவல்கள் தமிழில் பெயர்க்கப்பட்டுத் தலையணைப் பருமனில் வரும். அவற்றை ஈப்போவிலிருந்து வாங்கிவந்து கொடுப்பவன் இருளப்பன்தான், கோஸ் இறக்கிவிட்டுத் திரும்பும் வெற்று லோரியில், கூலி வாங்காமல். வாசித்து வாசித்து, காலை மூடுபனி ராதாகிருஷ்ணனுக்குப் பனிப்பொழிவாகிவிட்டது. தொழிற்சாலை வாசலில் நின்று உள்ளங்கையை ஊதிக்கொள்வான். “கிராணிக்கு குளிர் காய்ச்சலா?” என்று கொழுந்தெடுக்கும் பெண்கள் விசாரிப்பார்கள். ஒரு புத்தகத்தின் உள்ளட்டையில் தன் பெயரை ‘ராதாகிருஷ்ணன் ராமசாமியோவிச்’ என்று எழுதி வைத்திருந்தான். அதைப் பார்த்த அப்பா ராமசாமி, “எம் பேருக்குப் பின்னால என்னடா வாலு?” என்று மட்டும் கேட்டார்.

“தம்பி, கேக்கறியா?” என்று ஷம்சுதீன் மேசையைத் தட்டினார்.

“கேக்கறேன் பாய்.”

“இன்னொரு வாட்டி சொல்றேன். கடன்காரன் தன் வீட்டத் தானே லெலோங்ல கேக்க முடியாது. அதான் உன் பேரு. தொடக்க விலையில பத்துல ஒரு பங்குக்குப் பேங்க் டிராப்ட் கையில இருந்தாத்தான் கேக்க விடுவாங்க. நவமணி நகைய வெச்சு, நானும் கொஞ்சம் போட்டு எடுத்தாச்சு. வீடு நம்ம பக்கம் வந்தா மிச்சத்த மூணு மாசத்துல கட்டணும். கட்டலைன்னா டிராப்ட்டும் போச்சு, வீடும் போச்சு.”

“மிச்சத்துக்கு என் சம்பளத்த வெச்சு தோட்டக் கூட்டுறவுச் சங்கத்துல கடன்.”

“அது விலை ஒரு வாட்டி கொறைஞ்சாத்தான் பத்தும். அதனால இந்த வாட்டி நீ வாயத் தொறக்காத. வெளியாளு எவனாச்சும் கேட்டா மட்டும் ஒரு படி மேல கேளு. அப்படி ஆச்சுன்னா வேற வழியில்ல, இருளப்பன் லோரிய வித்துத்தான் கட்டணும். எவனும் கேக்கலையா, கம்முனு எந்திரிச்சு வந்துரு.”

இருளப்பன் தேநீர்க் கோப்பையைப் பார்த்தபடி சொன்னான்: “லோரி போச்சுன்னா நான் எவனுக்காச்சும் சம்பளத்துக்கு ஓட்டணும், தம்பி. அதுக்கு லயன்லயே இருந்திருக்கலாம்.”

லயன் வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை இருக்கும்வரை கூரை இருக்கும். அந்தப் பயத்தில்தான் இருளப்பன், அவர்கள் லயனிலிருந்து முதல் ஆளாக, பிரிஞ்சாங்குக்குக் கீழே இரண்டு அறைக் கல்வீடு ஒன்றைப் பேங்கில் கடன் போட்டு வாங்கினான். அப்புறம் எண்பத்தைந்தாம் வருஷத்து மந்தம் வந்தது. காய்கறி விலை விழுந்தது, லோரிக்கு நடை குறைந்தது, தவணை நின்றது. பேங்க் கடிதம் போட்டுப் பார்த்துவிட்டு நில அலுவலகத்துக்குப் போனது. ஒருநாள் வீட்டுக் கதவில் ஏல அறிவிப்பை ஒட்டிவிட்டுப் போனார்கள். சுத்தியல் விழும் நிமிஷம்வரை முழுக் கடனையும் கட்டி மீட்கலாம் என்றார்கள். முழுக் கடனையும் கட்ட முடிந்தவன் எதற்கு ஏலம்வரை வருகிறான்?

“கொறைஞ்ச விலைக்குப் போனா மீதிக் கடன் நம்ம தலையிலதானே, பாய்?” என்றாள் நவமணி.

“தலையிலதான். ஆனா தலைக்கு மேல கூரை இருக்கும்ல? மீதிய பேங்க் மெதுவாத்தான் கேக்கும். உங்களுக்கு ஒரு வசதி, வீட்டுக்குள்ள இருக்கறது நீங்களே. நான் இந்தக் கடைய எடுத்தப்ப உள்ள இருந்தவன் போக மாட்டேன்னுட்டான். லெலோங்ல விக்கறவன் சாவி தர மாட்டான், ஆளையும் கெளப்ப மாட்டான். எடுத்தவன்தான் பாத்துக்கணும். தண்ணி பில்லு பாக்கியும் எடுத்தவன் தலையில. அவன கெளப்ப ஒரு மாசம் தெனமும் பிரியாணி போட்டேன்.”

“போயிட்டானா?”

“எங்க போனான்? அந்தா, ரொட்டி வீசறான் பாரு.”

தானா ராத்தா நில அலுவலகத்தில் ஏலம் காலையில் தொடங்கியது. ராதாகிருஷ்ணன் கோட்டு மாதிரி இருக்கட்டும் என்று அப்பாவின் பழைய மழைச்சட்டையைப் போட்டுப் போயிருந்தான். டிராப்ட்டைக் காட்டிப் பெயரைப் பதிந்துகொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தான். இருளப்பன் கடைசி வரிசையில், சுவரோரமாக, யாரோ போல இருந்தான்.

அறையில் பயப்படும்படியான ஆள் ஒருவர்தான்: கனத்த உடம்பும் தங்கப்பல்லும் உள்ள ஒரு தவுக்கே, ஊரில் ஓட்டல் வைத்திருக்கும் சீன முதலாளி. அவர் முதலில் வந்த கடைவீட்டைக் கேட்டார், எடுத்தார், கையெழுத்துப் போட்டார், குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் முதுகு வாசலைத் தாண்டியபோது ராதாகிருஷ்ணன் திரும்பி இருளப்பனைப் பார்த்துச் சிரித்தான். திட்டம் பழமாகக் கனிந்துவிட்டது. இனி சும்மா இருக்க வேண்டியதுதான். உலகத்தில் இதைவிட லேசான வேலை ஒருவனுக்குக் கொடுக்க முடியாது.

அதிகாரி இருளப்பன் வீட்டு விவரத்தை மலாயில் வாசித்தார். நிலத்தின் எண், அளவு, தொடக்க விலை. நிமிர்ந்து பார்த்தார். ஒருவரும் பேசவில்லை.

“ஆளே இல்லையா?” என்று மலாயில் கேட்டுவிட்டு லேசாகச் சிரித்தார். யாரோ இருமினார்கள். அதிகாரி மறுபடி விலையைச் சொன்னார். அந்த விலை அறை நடுவில் போய் நின்றது. வா என்று சொல்ல அதற்கு ஒருவரும் இல்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ராதாகிருஷ்ணன் ஏலம் அறியாதவன் இல்லை. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் கடைசி நாள், அம்மன் மடியில் வைத்த எலுமிச்சம்பழமும் சேலையும் ஏலத்துக்கு வரும். தட்டில் வைத்த பொருளைக் கேட்பாரில்லாமல் நிற்க விடக்கூடாது. அது அம்மனுக்கு அவமானம். அதற்காகவே கோயில் கமிட்டி ஓர் ஆளை நியமித்திருந்தது. தட்டு வெளியே வந்ததும் அவன் சத்தமாக முதல் கேள்வி கேட்பான். உடனே கங்காணி மேலே கேட்பார், லோரிக்காரர் அதற்கு மேலே கேட்பார், விலை மளமளவென்று ஏறிப்போகும். முதல் கேள்வி கேட்டவனை அதற்குப் பிறகு ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அது கேள்வியே அல்ல, ஒரு மரியாதை. பல வருஷமாக அந்த ஆள் ராதாகிருஷ்ணன்தான். அவன் வீட்டுக்கு இதுவரை ஓர் எலுமிச்சம்பழம்கூட வந்ததில்லை.

அவன் மெல்லத் திரும்பிப் பார்த்தான். கடைசி வரிசையில் இருளப்பன் தலையைக் குனிந்திருந்தான். தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன.

நாவல் படிக்காத ஒருவன் அதைப் பார்த்திருந்தால், ஆள் சிரிப்பை அடக்குகிறான் என்று உடனே சொல்லியிருப்பான். ராதாகிருஷ்ணன் நிறையப் படித்திருந்தான். ஊரார் முன்னால் தன் வீடு வேண்டாப் பொருளாக நிற்பதைத் தாங்க முடியாத ஒரு மனிதனின் மௌன அழுகையை அவன் அங்கே கண்டான். அப்படி ஒரு காட்சி ஏறக்குறைய எல்லாப் புத்தகத்திலும் முந்நூறாம் பக்கம்போல வரும். அந்த இடத்தில் எவனாவது ஒருவன் எழுந்து நிற்பான்.

“சத்து காலி,” என்றார் அதிகாரி.

ஒரு தரம்.

ராதாகிருஷ்ணன் எழுந்து நின்றான். மாரியம்மனுக்குக் கேட்கிற அதே குரலில், கடைசி லயன்வரை எட்டும்படி, தொடக்க விலையைக் கேட்டான்.

கேட்டுவிட்டுப் பழக்கப்படி உட்கார்ந்து, யார் மேலே கேட்கப்போகிறார்கள் என்று ஆவலோடு சுற்றிப் பார்த்தான். மிச்சமிருந்த மூன்று பேரும் அவனை அதே ஆவலோடு பார்த்தார்கள்.

“துவா காலி.”

கங்காணி எங்கே? லோரிக்காரர் எங்கே? லோரிக்காரர் கடைசி வரிசையில் இருந்தார். இப்போது அவர் தோள் குலுங்கவில்லை. வாய் திறந்தபடி இருந்தது.

“தீகா காலி.” சுத்தியல் விழுந்தது. அதிகாரி அவனைப் பார்த்து, “தாஹ்னியா,” என்றார். வாழ்த்துகளாம்.

கையெழுத்துப் போடக் கூப்பிட்டபோது ராதாகிருஷ்ணன் தனக்குத் தெரிந்த மலாயை எல்லாம் திரட்டி, தான் சும்மா மரியாதைக்குத்தான் கேட்டதாகச் சொன்னான். அதிகாரி பேனாவை நீட்டியபடி, “இது பாசார் மாலாம் ராச்சந்தை இல்ல, தம்பி,” என்றார் அன்பாக. “எடுத்துப் பாத்துட்டு எடுத்த எடத்துல வெக்க முடியாது.”

வெளியே தூறிக்கொண்டிருந்தது. இருளப்பன் லோரியில் சாய்ந்து நின்றிருந்தான். ராதாகிருஷ்ணன் இரண்டு அடி தள்ளி நின்றான், அடி விழுந்தால் வாங்கிக்கொள்ள வசதியாக.

“அண்ணே.”

“என்னடா?”

“நீங்க அழுதீங்கன்னு நெனச்சேன்.”

“அழுதனா? அந்தத் தவுக்கே கொடைய எடுத்துக்கிட்டுப் போனான் பாரு, எனக்குச் சிரிப்பு தாங்கல. சத்தம் வெளிய வந்துரக் கூடாதுன்னு வாயக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.” லோரிக் கதவைத் திறந்தான். “எவனாச்சும் கழுத்தப் புடிச்சானாடா? துப்பாக்கி வெச்சிருந்தானா?”

“வீடு கேப்பாரில்லாம நின்னுச்சு, அண்ணே. மனசு கேக்கல.”

“வீட்டுக்கு என்னடா தெரியும்? அதுக்குக் காதா இருக்கு?” என்றான் இருளப்பன். “ஏறு. நீதான் இப்ப எனக்கு வீட்டுக்காரன். மழையில நிக்க வெச்சா நல்லாருக்காது.”

வழியெல்லாம் இருளப்பன் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் ராதாகிருஷ்ணனுக்குச் சுகமாக இருந்திருக்கும். மண்டியிட்டு மன்னிப்புக் கேட்கும் காட்சி ஒன்று அவனுக்கு மனப்பாடம். ஆனால் அந்த லோரியின் முன்பக்கத்தில், கியர் கம்பிக்கும் கோஸ் கூடைக்கும் நடுவில், மண்டியிட இடமில்லை. காலடியில் பழுப்புக் காகிதம் சுற்றிய பொட்டலம் ஒன்று கிடந்தது. போன வாரம் அவனுக்காக ஈப்போவில் வாங்கியது. இருளப்பன் கொடுக்க மறந்திருந்தான். ராதாகிருஷ்ணன் அதை மிதித்துவிடாமல் காலை ஒடுக்கிக்கொண்டான்.

நவமணி வாசலிலேயே நின்றிருந்தாள். வீட்டுக்குள்ளிருந்து பாயச வாசனை வந்தது.

“யாரும் கேக்கலைதானே?”

“ஒருத்தரு கேட்டாரு,” என்றான் இருளப்பன்.

“யாரு? அந்த ஓட்டல் தவுக்கேயா?”

“இல்ல. இந்தத் தவுக்கே.”

அவள் சிரித்தாள். ராதாகிருஷ்ணனின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. உள்ளே போனாள். திரும்பி வரமாட்டாள் என்று அவன் நினைத்தபோது ஒரு கிண்ணம் பாயசத்தோடு வந்தாள்.

“குடிங்க, வீட்டுக்காரரே. நீங்கதான் மொதல்ல.”

“அண்ணி, எங்கிட்ட இருக்கறதையெல்லாம் வித்தாவது...”

“என்ன இருக்கு ஒங்கிட்ட? அந்தப் புத்தகமெல்லாமா? வடை மடிக்கக் குடுத்தாக்கூட பாய் காசு தரமாட்டாரு.” அவள் கண் ஈரமாக இருந்தது, குரலில் ஈரம் கொஞ்சமும் இல்லை. “பெரிய மனசு காட்டுனது போதும், தம்பி. இன்னொரு வாட்டி காட்டுனா நாங்க தாங்க மாட்டோம். சங்கத்துக் கடன மட்டும் மறக்காம எடு.”

“அது போகத் துண்டு விழறதுக்கு லோரிதான்,” என்றான் இருளப்பன். சட்டைப் பையிலிருந்து லோரிச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தான். “ஒண்ணு பாத்தா கெட்டதுலயும் நல்லது. விலை கொறையாததால பேங்குக் கடன் அனேகமாத் தீந்துச்சு. சம்பளத்துக்கு ஓட்டறவனுக்குக் கடனாச்சும் இல்லாம இருக்கும்.”

ராதாகிருஷ்ணன் அந்தச் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தான். சின்னச் சாவி. இதற்குப் பொருத்தமாக அவன் படித்ததில் எந்தப் பக்கமும் ஞாபகத்துக்கு வரவில்லை.

“ஞாயித்துக்கெழமை கோலா தெர்லாவுல மூணு தோட்டக்காரனுங்க லோரிய வந்து பாக்கச் சொல்லப் போறேன்,” என்று இருளப்பன் தொடர்ந்தான். “மூணு பேருக்கும் ரொம்ப நாளா இதுமேல ஒரு கண்ணு. ஆனா மூணும் அமுக்குனிங்க. அடுத்தவன் விலை சொல்லட்டும்னு பொழுது சாயறவரைக்கும் டயரத் தட்டிக்கிட்டு நிப்பானுங்க. வாயத் தொறக்க வைக்க ஓர் ஆளு வேணும்.”

நவமணி சட்டென்று நிமிர்ந்தாள். “அய்யோ, வேணாங்க. யாரும் மேல கேக்கலைன்னா லோரியும் தம்பிக்கே போயிரும்.”

“போகாது. நல்ல லோரி.” இருளப்பன் ராதாகிருஷ்ணன் பக்கம் திரும்பினான். ஏலம் முடிந்த பிறகு முதல் முறையாக அவன் கண்ணைப் பார்த்துப் பேசினான். “நீ வந்து நில்லு. மழைச்சட்டைய மட்டும் போடாத. முதல் கேள்வி நீ கேளு. கொஞ்சம் உசத்தியாவே கேளு. சத்தமா, அம்மனுக்குக் கேக்கற மாதிரி. வருவியா, தம்பி?”