தொட்டிக்கு ஒரு பகல்

சரண்யா வேலை முடிந்து வந்து வண்டியை நிறுத்தும்போதே கூடத்தில் கல்யாண மண்டபத்து வெளிச்சம் தெரிந்தது. உள்ளே போனால், அவளுடைய உப்புநீர் மீன்தொட்டிக்கு மேலே, ஜன்னல் கம்பியில் கட்டுக்கம்பி சுற்றி ஒரு ஃபோகஸ் லைட் தொங்கியது. பக்கத்தில் மாமனார் சுப்புராயன், முதல் லோடு கரும்பை ஆலைக்கு அனுப்பி வைத்தவர் போல இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார்.

"இன்னாமா, எப்பிடி? நூறு வாட்ஸு. இனிமே உன் செடிங்க எப்பிடி வளருதுன்னு பாரு."

செடி இல்லை, பவளம் என்று அவள் எத்தனையோ முறை சொல்லியாயிற்று. ஆனால் நெல்லும் கரும்பும் வைத்தே வாழ்ந்த மனிதருக்கு, அசையாமல் நின்று வளர்வது எதுவானாலும் பயிர்தான். பயிர் என்றால் வெயில் வேண்டும். வெயில் எவ்வளவு கூடினாலும் தப்பில்லை. இந்தக் கணக்கில் அவர் ஊரான சுத்துக்கேணியில் யாரும் பிழை சொல்ல முடியாது. கடலில்தான் சொல்ல முடியும்.

அரியாங்குப்பத்துத் தாய்வீட்டிலிருந்து தொட்டியைக் குட்டியானை வேனில் ஏற்றி வந்தபோது பழைய விளக்கு நொறுங்கிப்போனது. மீன்கள் பிழைத்தன. பவளங்களில் மிஞ்சியது மூன்று: பச்சைப் பொத்தான்களைக் கொட்டி வைத்தது போல ஒன்று, காளான் மாதிரி ஒன்று, விரல் விரலாய் நீட்டிக்கொண்டு ஒன்று. புது விளக்கு எது என்று அவள் தேடிக்கொண்டிருந்த இடைவெளியில்தான் மாமனார் முந்திக்கொண்டார். மறுநாள் காலையில் பொத்தான்கள் எல்லாம் இறுக மூடிக்கிடந்தன. அதற்கடுத்த நாள் விரல்கள் சுருண்டு, ஓரத்தில் வெளுக்கத் தொடங்கின.

சரண்யா வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிறவள். ஆஸ்பத்திரி லேபில் பெரிய டாக்டரிடமே, "இந்த ரத்தம் ஒறஞ்சி போச்சி சார், வேற எடுத்து அனுப்புங்க" என்று சொல்கிற வாய் அது. ஸ்டூல் போட்டு ஏறி, ஃபோகஸ் லைட்டைக் கழற்றி, துடைத்து, மாட்டுக் கொட்டகையில் மாட்டிவிட்டாள். மாமனாரிடமும் நேராகவே சொன்னாள்.

"மாமா, இதோட ஒடம்புக்குள்ள பாசி குடியிருக்குது. பாசி சமைச்சாத்தான் இதுக்கு சாப்பாடு. கடலுக்கு அடியில போற வெளிச்சம் நீலம்தான். அதுலதான் அதுக்கு அடுப்பு எரியும். வாட்ஸ் கணக்கெல்லாம் இங்க ஆவாது."

"உன் இஷ்டம்மா," என்றார். கோபம் இருந்ததாகத் தெரியவில்லை.

பிறகு புது விளக்கைத் தேர்ந்தெடுப்பதில் அவளுக்குக் குழப்பமே இல்லை. நீலம் தனியாக, வெள்ளை தனியாகக் கூட்டிக் குறைக்க வேண்டும். முதலில் மங்கலாக வைத்து, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். நேரத்தை போனிலேயே வைக்க முடிய வேண்டும். அப்படி ஒன்றைச் சென்னையிலிருந்து வரவழைத்து, ஒரு சாயங்காலம் மாட்டினாள். கூடம் முழுக்க நீலம் பரவியது. தொட்டியின் மோட்டார் மெல்ல ரீங்கரித்தது. அவளுக்கு மனசு நிறைந்துபோனது.

வயலிலிருந்து வந்த சுப்புராயன் வாசற்படியில் ஒரு காலை வைத்தவர், அப்படியே நின்றார். பிறகு திரும்பி நடந்துவிட்டார். அன்று மட்டுமல்ல, மூன்று நாளும் வயலில் மோட்டார் கொட்டகையிலேயே படுக்கை. சோறு தூக்குச்சட்டியில் போனது.

"நான் லைட்ட கழட்டனதுக்கா இந்தக் கோவம்?" என்று கணவன் அரிகரனிடம் கேட்டாள்.

அவன் தொட்டியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தான். தொட்டியின் வயர் செருகியிருந்த பிளக்கைப் பார்த்தான்.

"அம்மா செத்தப்ப ஐஸ் பொட்டி இதே எடத்துலதான் வச்சோம். பெரிய பிளக்கு இந்த மூலையிலதான் இருக்குது. அந்தப் பொட்டியிலயும் நீல லைட்டு. இதே மாரி சத்தம். அன்னிக்கி அப்பா உள்ள வரவே இல்ல. பந்தல், பறை, பால்னு வெளியவே சுத்திக்கினு இருந்தாரு. தூக்கறப்பதான் வந்தாரு."

மாமியார் அமுதத்தைச் சரண்யா படத்தில்தான் பார்த்திருக்கிறாள். அழுகையோடு கோபமும் வந்தது. இதை முன்னாலேயே ஒருவர் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

"எடுத்துடலாமா?" என்றான் அரிகரன்.

"எதுக்கு? பவளமும் சாவக்கூடாது, மாமாவும் கொட்டாய்ல படுக்கக்கூடாது."

பவளத்துக்கு ஒரு நாளில் இத்தனை மணி நேரம் வெளிச்சம் என்பதுதான் கணக்கு. பொழுது எப்போது விடிந்தது, எப்போது அடைந்தது என்று அது பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. சுப்புராயன் காலையில் தூக்குச்சட்டியோடு போனால் பொழுது சாயத்தான் திரும்புவார். அவர் தெருமுனை தாண்டியதும் நீலம் ஏறும்படி வைத்தாள். வருவதற்கு முன்னால் நீலம் முழுக்க அணைந்து, மண்ணெண்ணெய் விளக்குப் போல மங்கலாய் ஒரு மஞ்சள் வெள்ளை மட்டும் நிற்கும். மோட்டாருக்கு அடியில் ரப்பர் துண்டு வைத்துச் சத்தத்தைக் குறைத்தாள். அவரிடம் எதையும் விளக்கவில்லை. "உள்ள வந்து சாப்புடுங்க மாமா, நீலம் இல்ல" என்றாள். அவர் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

ஒன்றிரண்டு மாதம் வீடு அப்படியே ஓடியது. வெளுத்த ஓரங்களில் நிறம் திரும்பியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நடுப்பகலில் மழை பிடித்துக்கொண்டது. சரண்யா அடுப்படியில் இருந்தாள். சுப்புராயன் தலையில் துண்டோடு நனைந்து வந்தது அவளுக்குத் தெரியவில்லை. எட்டிப் பார்த்தபோது அவர் கூடத்தின் நடுவில் நின்றிருந்தார். தொட்டி உச்சி நீலத்தில் இருந்தது. அவள் பதறி போனைத் தேடினாள்.

"இரும்மா. அணைக்காத."

குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. விரல் பவளம் முழுக்க விரிந்து, நுனிக்கு நுனி பூவாய், தண்ணீர் போகும் பக்கமெல்லாம் சாய்ந்துகொண்டிருந்தது.

"நான் வரும்போதெல்லாம் மூடிக்கினுதானே இருக்கும். இப்பிடியா இருக்கும் இது?"

"பகல்ல தெனம் இப்பிடித்தான் மாமா."

அவர் தலையாட்டினார். துண்டைப் பிழியவில்லை. நாற்காலியை இழுத்துத் தொட்டிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். ஜன்னல் வழியாக வந்த வெளிச்சம் கண்ணாடியில் பட்டு உள்ளே இருப்பதை மறைத்தது. கையை நீட்டி ஜன்னல் கதவைச் சாத்தினார். அது போதவில்லை. எட்டி அடுத்த கதவையும் சாத்தினார்.