உள்ளே போடுகிறேன் என்றவன்

கவிதை படிக்க இடம் கேட்டுத் துளசிராமன் வாத்தியார் வந்தபோதே நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். எமர்ஜென்சி நடந்துகொண்டிருந்தது. வாயைத் திறந்தவனைப் பிடித்துக்கொண்டு போகிற காலம். என்னுடையது புதுவாயல் கூட்ரோட்டில் பழைய பேப்பர் கடையாக ஆரம்பித்த புத்தகக்கடை. எனக்குப் படிப்பு மூன்றாவதோடு சரி. புத்தகத்தை எடை போட்டு வாங்குவேன், அட்டையைப் பார்த்து விற்பேன். கோடை லீவில் ஞாயிறு சாயங்காலம் மட்டும், நாலு பேர் வந்தால் நாலு புத்தகம் விற்கும் என்றார் வாத்தியார். விற்கும் என்றதால்தான் ஒப்புக்கொண்டேன்.

வந்தவர்கள் ஒன்றும் வாங்கவில்லை, பெஞ்சைத் தேய்த்ததுதான் மிச்சம். ஒருவன் நிலாவைப் பற்றிப் படித்தான், எனக்குத் தூக்கம் வந்தது. அப்புறம் சாராள் எழுந்தாள். பாட்டில் கம்பெனியில் வேலை செய்கிற பெண். அப்பா இல்லை, அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. ஷிப்டுக்கு ஊதுகிற சங்கைப் பற்றி இரண்டே வரி படித்தாள்.

வேலைக்கு வாவென்று ஊதும் சங்கே,
ஒருநாள் உன் முதலாளிக்கும் ஊது.

எங்கள் பக்கம் ஒருத்தனுக்குச் சங்கு ஊதினால் பாடை கட்டியாயிற்று என்று அர்த்தம். என் தூக்கம் போய்விட்டது.

வாசலோரம் உட்கார்ந்திருந்த புது ஆள், "மறுபடி" என்றான். அவள் படித்தாள். திரும்பவும் "மறுபடி" என்றான். கவிதைக் கூட்டத்தில் அப்படிக் கேட்பது வழக்கம் என்றார் வாத்தியார். மனப்பாடம் பண்ணிக்கொண்டு போய் எழுதிக் கொடுக்கிறவனும் அப்படித்தான் கேட்பான் என்றேன். வெள்ளைச் சட்டை, தோல் பை, காலில் பிரவுன் ஷூ. போலீஸ்காரன் சட்டையை மாற்றுவான், ஷூவை மாற்ற மாட்டான். பெயர் அருணாச்சலம், ஊர் மெட்ராஸ் என்றான். மெட்ராஸில் இல்லாத கவிதையா புதுவாயலில் கிடைக்கிறது?

அடுத்த ஞாயிறும் வந்தான். கூட்டம் முடிந்ததும் பக்கத்து டீக்கடையில் வாத்தியாரோடு நின்றான். தட்டிக்கு இந்தப் பக்கம் நான்.

"சாராள இந்த மாசமே உள்ள போட்டுடறேன் சார்" என்றான்.

அந்த வருஷம் உள்ளே என்றால் ஜெயில், வேறு அர்த்தம் கிடையாது. அவள் உள்ளே போனால் அவள் அம்மா பட்டினி, என் கடைக்கு சீல். இதைக் கேட்டு வாத்தியார் சிரிக்கிறார். இவரும் கூட்டு என்று முடிவு பண்ணினேன்.

முதலில் சாராளைப் பின்பக்கமாக அனுப்பினேன். பஸ் ஸ்டாப்பில் நிற்காதே, வயல் வழியாகப் போ என்றேன். நேராகப் போய் அருணாச்சலத்தின் பையைப் பிடித்தேன்.

"இன்னாத்துக்குடா அந்தப் பொண்ண உள்ள போடற? எவன் ஊட்ல கொள்ளையடிச்சா? போடறதுன்னா என்னப் போடு. கட என்து."

அவன் விழித்தான். வாத்தியாருக்குத்தான் விஷயம் புரிந்தது.

"நைனா, அவரு பத்திரிக நடத்தறாரு. அட்டையில எடமில்லயாம், கவிதைய உள்பக்கத்துல போடறாராம்."

"அப்ப ஷூ?"

"மூர் மார்க்கெட்ல பழசு வாங்கனது நைனா" என்றான் அருணாச்சலம்.

டீ ஆற்றுகிறவன் வரைக்கும் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. பையைத் திறக்கச் சொல்லி, உள்ளே பத்திரிகை இருப்பதைப் பார்த்த பிறகுதான் கையை எடுத்தேன்.

லீவு முடிகிற ஞாயிறன்று அச்சான பத்திரிகையோடு வந்தான். உள்ளே சாராள் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. அவள் அதைத் தடவித் தடவிப் பார்த்தாள். படிக்க எழுந்தவள் முதல் வரியோடு நின்றுவிட்டாள். இரண்டாவது வரி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் புள்ளிகள். அச்சுக்கு முன்னால் சென்சார் ஆபீசில் காட்ட வேண்டுமாம், அங்கே அடித்துவிட்டார்களாம். அருணாச்சலம் குரலை இறக்கித்தான் அதைச் சொன்னான். பெண்ணை உள்ளே போட்டவன், வரியை வெளியே விட்டுவிட்டான்.

சாராள் பத்திரிகையை மடித்துக்கொண்டு உட்காரப் போனாள். நிற்கச் சொன்னேன். வாசலுக்குப் போய் ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்தேன். ஒரு லாரி போயிற்று, வேறு யாரும் இல்லை. பெஞ்சில் இருந்தவர்களையும் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டேன். கடைப் பலகைகளை எடுத்துச் செருகினேன். கடைசிப் பலகைக்கு மட்டும் இடம் விட்டு அதில் நானே நின்றுகொண்டேன்.

"இப்ப படி. புள்ளிய இல்ல, உன்து."

படித்தாள். எப்போதும் மறுபடி கேட்கிற அருணாச்சலம் தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னொரு தபா" என்றேன், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.