முடியுள்ள ஊசி

1

"முடி முளைச்ச ஊசியை எங்கயாவது பாத்திருக்கியாம்மா?"

வக்கீல் சார் ஒருநாள் என்னிடம் கேட்டார். இந்தக் கதை பிறந்தது அந்தக் கேள்வியில்தான். "இல்ல சார்" என்றேன். பொய். அந்த முடியை முளைக்கவைத்ததே நான்தான்.

2

முதலில் வேறு மாதிரித் தொடங்கியிருந்தேன்: 'மழை பெய்துகொண்டிருந்த ஒரு...' வேண்டாம். மழை பெய்யவில்லை. ஏசிதான் சொட்டிக்கொண்டிருந்தது.

எங்கள் அலுவலகம் காப்புரிமை வழக்குகள் நடத்துகிறது. ஒருவர் கண்டுபிடித்ததை இன்னொருவர் சுட்டுவிட்டால் எங்களிடம் வருவார்கள். நான் தட்டச்சு செய்பவள். (பள்ளியைப் பாதியில் விட்டவள் என்பதை இங்கே எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருக்கிறேன்.) நர்ஸ் அக்கா ஒருவர், உடம்பிலிருந்து எடுத்ததும் தானே மூடிக்கொள்ளும் ஊசியைக் கண்டுபிடித்தார். விண்ணப்பத்தில் 'மூடியுள்ள ஊசி' என்று இருக்க வேண்டும். நான் 'முடியுள்ள ஊசி' என்று அடித்துவிட்டேன். ஒரு சுழி குறைந்தது. பெரிய படிப்புப் படித்த நாலு பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஒருவர் கண்ணிலும் படவில்லை.

3

அதே ஊசியை ஒரு பெரிய கம்பெனி விற்க ஆரம்பித்தது. வழக்குப் போட்டோம். கம்பெனி வக்கீல் எழுந்து, "எங்க ஊசி மொட்டைங்க ஐயா" என்றார். அவர் வாதம் அவ்வளவுதான்.

"அந்தம்மா கைப்பட எழுதிக் கொடுத்த தாளைக் காட்டுங்க, திருத்திக்கலாம். இல்லன்னா முடி முடிதான்" என்றார் நீதிபதி.

தாளைக் காணவில்லை. எல்லோரும் தேடினார்கள். நானும் சேர்ந்து தேடினேன். வக்கீல் சார் அசரவில்லை. கம்பெனி ஊசியை நுண்ணோக்கியில் வைத்து ஜூனியரைக் குனியவைத்தார்.

"ஒரே ஒரு முடி போதும்யா. நல்லாத் தேடு."

"இருக்கு சார்! கறுப்பா, வளைஞ்சு..."

"ஆகா!"

"சார்... அது என் இமைமுடி சார்."

(இது மிகைப்படுத்தாத பிரதி. மிகைப்படுத்திய பிரதியில் முடி நிபுணர் ஒருவர் சீப்போடு வருகிறார். அவரை நீக்கிவிட்டேன்.)

4

இந்த இடத்தில் நர்ஸ் அக்காவை அழவைத்திருந்தேன். பொருந்தவில்லை. உண்மையில் அவர் என் மேசைமேல் சாய்ந்து சிரித்தார்.

"நாலு வருஷம் உசிரைக் கொடுத்துச் செஞ்சேன்டி. இப்ப அதுக்குத் தலை வாரிவிடச் சொல்றாங்க." சிரிப்பு நின்றது. "நாளைக்குத் தீர்ப்பு. தோத்துட்டா என் ஊசி என்னுது இல்ல."

தாள் எங்கே என்று எனக்குத் தெரியும். குப்பைக்குப் போகும் தாள்களைத் தைத்துத்தான் நான் யாருக்கும் தெரியாமல் நோட்டு செய்கிறேன். வாசகரே, மேலே நீங்கள் படித்த மூன்று பகுதிகளும் அந்தத் தாளின் முதுகில்தான் இருக்கின்றன. கொடுத்தால் நீதிமன்றமே படிக்கும்: என் தப்பு, என் பொய், நான் அடித்துத் திருத்திய வரிகள்.

5

முடிவு ஒன்று: தாளைக் கிழித்துப் போட்டேன். (கோழைத்தனம்.)

முடிவு இரண்டு: நீதிபதி என் கதையைப் பாராட்டி... (பேராசை.)

தையலைப் பிரித்துத் தாளை நீட்டினேன். அக்கா தன் கையெழுத்தைப் பார்த்தார். திருப்பினார். நின்றபடியே முழுவதும் படித்தார். எனக்குக் காது சுட்டது. இமைமுடி வந்த இடத்தில் அவர் உதடு அசைந்தது. சிரிப்பா என்று தெரியவில்லை.

தீர்ப்பு என்ன, எனக்கு வேலை இருந்ததா என்பதையெல்லாம் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் பார்த்தது இவ்வளவுதான்: என் எழுத்து உள்பக்கம் போகும்படி தாளை இரண்டாக மடித்தார். கைப்பையில் வைத்தார். போய்விட்டார்.